மாடிச் சபைப் படிக்கட்டில் அப்பாவின் செருப்பு

மூன்று சபைக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஊருக்காக ஜெபம் பண்ணப்போகிறார்கள் என்று எங்கள் ஆயர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“யாரு ரோசனைங்க இது?”

எதைச் சொன்னாலும் முதலில் அது யாருடைய யோசனை என்று பெரியப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளர். காலையிலிருந்து சாயங்காலம்வரை ட்யூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்துப்போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் இழுத்த இடம் என்று தேடுகிற வேலை. குறையே இல்லாத துணி வந்தால் அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிடும். சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு தடவை புரட்டுவார். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். ஊரே நல்லவர் என்று சொல்கிற ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “இன்னும் நம்ம கண்ணுல படலீங்க, அவ்வளவுதான்” என்பார். எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான்.

காங்கயம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் வீதியிலும் அதை ஒட்டியும் மூன்று சபைகள் இருந்தன. எங்களுடையது வெள்ளைக்காரர் காலத்துக் கோயில். ஓட்டுக்கூரை, மணிக்கூண்டு, ஜெபப் புத்தகம். எந்த இடத்தில் ‘ஆமென்’ சொல்ல வேண்டும் என்பதுகூட அச்சில் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கரின் மாதா கோயில். மூன்றாவது, ஒரு நூல் குடோனுக்கு மேலே நடந்த பெந்தெகொஸ்தே சபை. அதற்கு நீளமான ஒரு பெயர் பலகையில் எழுதியிருந்தும் வீதியில் எல்லாருக்கும் அது மாடிச் சபைதான். அதன் பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெய்லராகப் பிழைக்க வந்து, பிறகு ஊழியத்துக்கு வந்தவர்.

எங்கள் ஆட்களுக்கு மாதா கோயில்காரர்கள் சிலை கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு நாங்கள் எப்போதோ கோபித்துக்கொண்டு பிரிந்துபோன பங்காளிகள். மாடிச் சபைக்காரர்கள் எங்கள் இரண்டு கூட்டத்தையும் இன்னும் இரட்சிக்கப்படாதவர்கள் என்று நினைத்து, எங்களுக்காக மைக் வைத்து ஜெபித்தார்கள். பெரியப்பாவுக்கு மற்றதெல்லாம் பொறுத்தாலும் அந்த ஜெபம் மட்டும் பொறுக்கவில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஊருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது எனக்குச் சத்தத்திலிருந்துதான் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வருவது நின்றுபோயிருந்தது. வருகிற கொஞ்ச ஆர்டரையும் தைக்க விடாமல் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி பகலாக ஓடிய நிட்டிங் மெஷின்களின் சத்தம் ஒவ்வொரு சந்தாகக் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு அப்பா நடத்தி வந்த சின்ன ஜாப்வொர்க் யூனிட்டிலும் மெஷின்கள் துணி மூடி உட்கார்ந்தன. மதுரை, தேனி, திருநெல்வேலி என்று எங்கிருந்தோ வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ‘டு லெட்’ என்ற அட்டை எங்கள் வீதியில் முதல் தடவையாகத் தொங்கியது அப்போதுதான்.

கோயிலிலும் பெஞ்சுகள் காலியாயின. ஆனால் பெரியப்பா அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார். எந்தக் குடும்பம் வரவில்லை என்று ஆராதனை முடிந்ததும் மனதுக்குள் கணக்கெடுப்பார். பிறகு வீட்டு வாசலில் நின்று மாடிச் சபை இருக்கும் திசையைப் பார்ப்பார்.

“எல்லாம் அங்க ஏறீட்டாங்க. கை தட்டறதும் கத்தறதும் நல்லாருக்குதாமா” என்பார். போகிறவர்கள் சொல்லிக்கொண்டா போவார்கள் என்பது அவர் கட்சி.

அந்த நேரத்தில் இப்படி ஒரு ஜெபம் என்றால் அவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? யோசனை மாடிச் சபைப் பாஸ்டருடையது என்று தெரிந்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “ஆளு புடிக்கறதுக்கு இதவிட வழி இருக்குதுங்களா? நம்ம ஆளுகள நாமளே கூட்டீட்டுப் போயி அவங்க முன்னால உக்கார வெக்கறோம்” என்று ஆயரிடமே சொன்னார். ஆயர் சாதுவான மனிதர். வேண்டுமானால் நிபந்தனை போட்டுக்கொள்ளலாமே என்றார். அந்த வார்த்தை பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

பேச்சுவார்த்தை பெரியப்பா வீட்டு முன்னறையில் நடந்தது. அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்பதால், காப்பி டம்ளர் கொண்டுபோய் வைக்கும் சாக்கில் நான் உள்ளே நின்றுகொண்டேன். மாதா கோயிலிலிருந்து இளவயது ஃபாதர் ஒருவர் வந்திருந்தார். மாடிச் சபைப் பாஸ்டர் வெள்ளை முழுக்கைச் சட்டையைப் பொத்தான் தவறாமல் போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். ஆவி இறங்கியது என்று சொல்லி அந்நிய பாஷையில் பேசக் கூடாது. டிரம்ஸ் அடிக்கக் கூடாது. யார் தலையிலும் யாரும் கை வைக்கக் கூடாது. முக்கியமாக, வந்தவர்களிடம் வீட்டு விலாசமோ போன் நம்பரோ வாங்கக் கூடாது. பாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் பக்கத்திலிருந்து மெழுகுவர்த்தியும் சுரூபம் என்கிற சிலையும் வேண்டாம் என்று ஒரு கோரிக்கை வந்தது. ஃபாதர் கொஞ்ச நேரம் காப்பியைப் பார்த்துவிட்டு, சரி, ஆனால் மாதாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எது எதைச் செய்யக் கூடாது என்பதில் அவ்வளவு ஒற்றுமை இருந்தது. என்ன செய்வது என்பதைப் பேச நேரமில்லாமல் போயிற்று.

இடம்தான் பெரிய பிரச்சினை. ஒருவர் கோயிலுக்குள் மற்றவர் கால் வைக்க மாட்டார். கடைசியில், மூடிக்கிடந்த ஒரு பனியன் கம்பெனியின் ஷெட்டைக் கேட்பது என்று முடிவானது. அதன் முதலாளி பக்கத்து மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா.

“எந்தச் சாமிகிட்டக் கேட்டாலுஞ் சரிங்க, ஆர்டர் வந்தாப் போதும்” என்று சாவியைக் கொடுத்தவர், பெரியப்பாவின் காதருகே குனிந்து, “போர்டு கீர்டு ஒண்ணும் மாட்டிப்போடாதீங்கோ” என்றாராம். சந்தேகம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

பேச்சு முடிந்து பாஸ்டர் எழுந்து போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். “அப்பா வீட்ல இருக்காங்களா பிள்ள?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சிரிப்பு சட்டென்று போய், வேகமாகப் படியிறங்கிச் செருப்பு மாட்டினார். பெரியப்பா அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன். எங்கள் அப்பாவைப் பற்றி இவருக்கு என்ன?

யூனிட் நின்ற பிறகு அப்பா தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஆர்டர் கேட்டுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்படுவார். பேச்சு குறைந்திருந்தது. முன்பெல்லாம் டெய்லர்களோடு பாட்டுப் பாடிக்கொண்டே பண்டல் கட்டுகிறவர். இப்போது எதிரில் நின்று கூப்பிட்டாலும் இரண்டாவது தடவைதான் திரும்புவார். பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். நூல் குடோனைத் தாண்டி வரும்போது மாடிச் சபைப் படிக்கட்டின் அடியில் ஒரு செருப்பு கிடந்தது. பழுப்பு நிறம். இடது கால் வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலைப் போட்டது எங்கள் அம்மா. நான் நின்று மேலே பார்த்தேன். பாட்டோ கைதட்டலோ கேட்கவில்லை. யாரோ தையல் மெஷின் மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன், “அம்மா, அப்பா எங்க?”

“ஆர்டர் கேக்கப் போயிருக்கறாரு கண்ணு” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று முதல் பெரியப்பாவின் நோய் எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பா எங்களிடம் சொல்லாமல் சபை மாறுகிறார். அம்மாவுக்கும் அது தெரியும். என் பயத்துக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. மாடிச் சபைப் பெண்கள் நகை போட மாட்டார்கள். என் வகுப்பில் அந்தச் சபைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். காதில் பொட்டுத் தோடு கிடையாது. கையில் ரப்பர் வளையல்கூடக் கிடையாது. எனக்கோ போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கவரிங் ஜிமிக்கி இருந்தது. தலையை ஆட்டினால் கன்னத்தில் இடிக்கும். அதை ஆட்டுவதற்காகவே எல்லாக் கேள்விக்கும் தலையாட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அது போய்விடும். கிறிஸ்துமஸ் மரம் போய்விடும். எங்களைக் குளத்தில் முக்கி மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். எனக்கு நீச்சல் தெரியாது.

அதனால் அம்மாவின் காதைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். சிவப்புக்கல் வைத்த தோடு. அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா, என் அப்புச்சி, போட்டது. காலையில் எழுந்ததும் பார்ப்பேன், இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்ப்பேன், இருக்கும். ஜெபம் நடக்கும் வாரம் வந்தது. ஒரு சாயங்காலம் அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தாள். காது வெறுமையாக இருந்தது. தோடு இருந்த ஓட்டையில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உண்மை என்று ஆகிவிடும் என்ற பயம். உள்ளே போய் என் ஜிமிக்கியைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் ஒளித்துவைத்தேன்.

இன்றைக்கு நினைத்தால் ஒன்று தோன்றுகிறது. நகையே வேண்டாம் என்று விட்டவர்கள் காதில் குச்சி செருக மாட்டார்கள். ஓட்டை தூர்ந்தால் அவர்களுக்கு என்ன? மறுபடி ஒரு நாள் போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் குச்சி செருகுவார்கள். ஊசி முனை ஓட்டையையும் கண்டுபிடிக்கிற பெரியப்பாவுக்கே அது தோன்றவில்லை. எனக்கு எங்கே தோன்றும்?

ஜெபம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஷெட்டில் மெஷின்களை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, தரையில் பாய் விரித்திருந்தார்கள். மூன்று சபையும் கலந்து உட்காரட்டும் என்று ஆயர் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் தாங்களாகவே மூன்றாகப் பிரிந்தார்கள். இடது பக்கம் நாங்கள், நடுவில் மாதா கோயில்காரர்கள், வலது பக்கம் மாடிச் சபை. இடையில் ஒரு ஆள் நடக்கிற வழி விட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் பஞ்சுத் தூசி இன்னும் இருந்தது. அடிக்கடி யாராவது தும்மினார்கள்.

கடைசியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் அவரை மாடிச் சபைக்காரர் என்று நினைத்தார்கள். மாடிச் சபைக்காரர்கள் எங்கள் ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். மதம் மாற்றுகிறார்களா என்று பார்க்க ஸ்டேஷனிலிருந்து அனுப்பிய போலீஸ்காரர் அவர் என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் ஆயர் ஜெபப் புத்தகத்திலிருந்து வாசித்தார். ஃபாதர் ஒரு சங்கீதம் படித்தார். பாஸ்டர் அடக்கமாக, டிரம்ஸ் இல்லாமல், ஒரு பாட்டுப் பாடினார். ஆனால் யாருடைய கவனமும் அதில் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கழுத்தை நீட்டி மாடிச் சபைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைவிட்டுப் போன குடும்பங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பெரியப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். விசித்திரம் என்னவென்றால், அவர்களும் அதேபோல எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த மாதா கோயில்காரர்கள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.

பொறுக்க முடியாமல் எங்கள் பக்கத்து அக்கா ஒருத்தி நடுவழியில் குனிந்து மாதா கோயில் பெண் ஒருத்தியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க்கா, எங்க ஓவர்லாக் டெய்லர் குடும்பம் உங்ககிட்ட வர்றாங்களா?”

“இல்லீங்களே. எங்க பாடகர் குழுப் புள்ளைக ரெண்டு பேரு உங்க பக்கம் வந்துட்டாங்கன்னு சொன்னாங்க?”

“அய்யோ, வரலீங்க.”

இரண்டு பேரும் சேர்ந்து மாடிச் சபைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே இருந்த ஒரு அம்மா கையை விரித்தாள். “எங்க ஆளுகளே பாதிப்பேரக் காணோம். எல்லாம் உங்க ரெண்டு பேத்து கோயிலுக்கும் போயிட்டாங்கன்னுல்லா நாங்க நெனச்சோம்” என்றாள்.

அந்தப் பேச்சு பாயிலிருந்து பாய்க்குப் போனது. பெயர் பெயராகக் கேட்டார்கள். இவர் எங்கே, அவர் எங்கே. யாரிடமும் யாரும் இல்லை. வந்திருந்த மூன்று கூட்டத்தையும் சேர்த்தால் முன்பு ஒரு சபைக்கு வருகிற கூட்டம்தான் இருந்தது. யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பஸ் ஏறும் முன் யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட முடியாமல் போயிருந்தார்கள்.

பாஸ்டர் பாட்டை நிறுத்தினார். பிறகு நடுப்பாயிலிருந்து ஒரு பெண் எந்தப் புத்தகமும் இல்லாமல், “ஆண்டவரே, எங்க புள்ளைக எங்க இருந்தாலும் ரெண்டு வேளை சோறு கெடைக்கோணும்” என்று உரக்கச் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு, முன்பு போட்ட நிபந்தனை ஒன்றும் நிற்கவில்லை. அச்சில் இல்லாமல் வாய் திறக்காத எங்கள் ஆட்கள் சத்தமாக ஜெபித்தார்கள். ஜெபமாலையை எடுத்தவர்களை யாரும் முறைக்கவில்லை. சத்தத்துக்குப் பெயர்போன மாடிச் சபைக்காரர்கள் முகத்தை மூடிச் சத்தமில்லாமல் அழுதார்கள். எங்கள் ஊருக்காக மூன்று சபையும் ஒன்றாக ஜெபித்தது என்று சொன்னால் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது திறந்து வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: போலீஸ்காரர், பெரியப்பா, நான். முதலில் நான்தான் பார்த்தேன். வலது பக்கத்துச் சுவரோரம், மாடிச் சபை ஆண்களுக்கு நடுவில், எப்போது வந்தாரோ, அப்பா உட்கார்ந்திருந்தார். தலை கவிழ்ந்திருந்தது. தோள் குலுங்கியது. பாஸ்டர் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தலையில் கை வைக்காமல், அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அப்பா எழுந்து எங்கள் பக்கம் வந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எழுந்து போய் அந்தக் கையைப் பிரித்துவிட வேண்டும் போல இருந்தது.

திரும்பினால் பெரியப்பாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபம் முடிந்து எல்லாரும் ஷெட் வாசலில் நின்று, வழக்கமில்லாத வழக்கமாக மூன்று சபையும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமும் கூட வேண்டும் என்று ஃபாதர் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார்.

“ஊராளுகள எல்லாஞ் சந்தேகப்பட்டன். ஊட்டுக்குள்ள இருக்கறவனப் பாக்காம உட்டுட்டன். நீ எந்தப் பக்கம்டா உக்காந்திருந்த?”

கேட்டதே காதில் விழாதவர் மாதிரி அப்பா நின்றார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடுவில் வந்தாள். அப்போதுதான் பெரியப்பா அவள் காதைப் பார்த்தார். தலைப்பால் மூட அம்மாவுக்கு நேரமில்லை.

“தோட்டையுங் கழட்டியாச்சா?” என்றார். குரல் தேய்ந்து வந்தது. “முழுசாவே அங்க போயிட்டீங்களா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு பாஸ்டரைப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு முன்னால் அதுவரை அவள் நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

“ஆமாங்க மாமா. நாங்க மாடிச் சபைக்குத்தானுங்க போறோம்.”

எனக்குத் தெரிந்து அம்மா அந்தப் படிக்கட்டில் ஏறி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் போனதில்லை.

பெரியப்பா பாஸ்டரிடம் திரும்பினார். “ஊருக்காக ஜெபம்னு சொல்லீட்டு எந்தம்பியக் கொண்டுபோயிட்டீங்களே. நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க, இது ஞாயமுங்களா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் உதடு அசைந்தது. அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கையைக் கூப்பினார்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி” என்றார்.

திருடன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அடுத்த மாதம் ஜெபம் நடக்கவில்லை. எங்கள் கமிட்டி மறுத்துவிட்டது. மாடிச் சபையை நம்ப முடியாது என்று மாதா கோயிலிலும் சொல்லிக்கொண்டார்கள். ஷெட்டின் சாவியை முதலாளியிடம் கொடுத்தபோது, போர்டு மாட்டாமல் விட்டதற்கு அவர் நன்றி சொன்னாராம்.

வாயால் சொன்னதற்காக நாங்கள் மாடிச் சபைக்கு நிஜமாகவே போக வேண்டியதாயிற்று. பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்றது. பெரியம்மா மட்டும் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை நீட்டுவாள், பேசாமல். நான் வெறுங்காதோடு பாயில் உட்கார்ந்து பாஸ்டரை முறைத்துக்கொண்டிருப்பேன். அவர் ஒரு தடவைகூட எங்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்லவில்லை. அதுவும் ஒரு தந்திரம் என்றே நினைத்தேன்.

சில மாதங்கள் போயின. அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் அப்பாவுக்கு லைன் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பண்டல் கட்டுகிறவர்களோடு மறுபடி பாட்டுப் பாட ஆரம்பித்தார். ஒரு நாள் பாஸ்டரே வீட்டுக்கு வந்து, “இனி உங்க கோயிலுக்குப் போங்க. அண்ணாச்சி காத்துக்கிட்டிருப்பாங்க” என்றார். நாங்கள் திரும்பிப் போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எல்லாருக்கும் முன்னால் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று மத்தியானம் அவர் வீட்டில் பிரியாணி. தன் ஜெபத்தால் தம்பியை மீட்டுவிட்டதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்த மாதங்களில் தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தவர்தான்; அது பொய் இல்லை. ஆனால் மாடிச் சபைப் பாஸ்டரைப் பார்த்தால் வீதியின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

நான் கல்லூரி முடித்த பிறகு ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள். யூனிட் நின்ற பிறகு, கடைசியாக இருந்த டெய்லர்களை வெறுங்கையோடு ஊருக்கு அனுப்ப மனமில்லாமல் தோட்டை அடகுக்குக் கொடுத்ததை முதலில் சொன்னாள். பிறகு மற்றதைச் சொன்னாள்.

“ஒரு நாள் சோறு உங்கறப்ப உங்கப்பா சொன்னாரு. ‘நான் இல்லீனா நீங்க ரெண்டு பேரும் உங்கப்பன் ஊட்டுல நிம்மதியா இருப்பீங்க’ன்னு. கோவமாச் சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டன் கண்ணு. உப்புக் கேக்கற மாதிரி சொன்னாரு.”

எங்கள் ஆயரிடம் சொன்னால் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் அப்பா தலை நிமிர மாட்டார். அவள் மாடிப்படி ஏறி, முன்பின் பேசியிராத அந்தப் பாஸ்டரிடம் அழுதிருக்கிறாள். மத்தியான நேரங்களில் அப்பாவைத் தனியாக விடாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் தன் பழைய தையல் மெஷினைத் தூசி தட்டி, ஜன்னல் திரை தைக்க வேண்டும் என்று ஒரு வேலையை உண்டாக்கி, தினமும் அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அன்று எங்கள் வீட்டில் அப்பா இல்லை என்றதும் வேகமாகப் படியிறங்கியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த மாதங்களில் அம்மா என்னை ஓயாமல் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கொத்தமல்லித் தழை, தீப்பெட்டி, மறந்துபோன ஏதாவது ஒன்று. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் போதும், “பாப்பாவையுங் கூட்டீட்டுப் போங்க, அவளுக்கு ஒரு சாமான் வாங்கோணும்” என்று என்னைப் பின்னாலேயே அனுப்புவாள். ரோட்டில் லாரிகள் அதிகம். அப்பா என் கையை இறுகப் பிடித்திருப்பார். சில நாள் பாதி வழியில் நின்றுவிடுவார். நான் இழுத்தால் மறுபடி நடப்பார். சின்னப் பிள்ளை தொலைந்துவிடக் கூடாதென்று எனக்குத் துணையாகத்தான் அம்மா அவரை அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த வயதுக்கே உரிய எரிச்சலோடு, “எனக்கு வழி தெரியும், நானே போயிருவன்” என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து நடந்தேன்.